சீனியும் மிளகும்

அனிற்றா இறந்து மூன்று மாதமாகியும் அவள் வளர்த்த பெத்தவுரோ என்ற இரண்டு சின்னப் பிராணிகளுக்குச் சாப்பாடு வைப்பது குகனேஸ்வரியின் வேலையாகவே இருந்தது. வேறு யாரும் அந்த அறைக்குள் போவதில்லை. அனிற்றாவின் தாய் எமிலியானா சிஞ்ஞோரா வாசல்வரை வருவார். நிலையில் கையை ஊன்றிக்கொண்டு, உள்ளே பார்க்காமல், "சாப்பிட்டார்களா?" என்று கேட்பார். "சாப்பிட்டார்கள், சிஞ்ஞோரா," என்று குகனேஸ்வரி சொன்னதும் திரும்பிப் போய்விடுவார்.

வீடு நகரத்தின் கடலோரப் பழைய பகுதியான கால்சாவில், பியாத்சா மரீனா சதுக்கத்தைப் பார்த்த ஒரு பழைய மாளிகையின் நான்காம் மாடியில் இருந்தது. குகனேஸ்வரி அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அனிற்றாவுக்குப் பதின்மூன்று வயது. தகப்பன் அதற்கு முன்பே பிரிந்து வடக்கே போய்விட்டிருந்தார். சிஞ்ஞோரா பல் வைத்தியர். காலையில் போனால் இருட்டித்தான் வருவார். பள்ளிக்கூடத்தால் வரும் பிள்ளைக்குப் பாஸ்தா அவித்துக் கொடுத்ததும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருந்ததும், முதல்தரம் ஒருவனை விரும்பி ஏமாந்து அழுதபோது மூக்குச் சிந்தத் துணி எடுத்துக் கொடுத்ததும் குகனேஸ்வரிதான். தாயும் மகளும் அவளைக் குகா என்றே கூப்பிட்டார்கள். இப்படிப் பதினொரு வருஷம். ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, பல்கலைக்கழகத்திலிருந்து மோட்டோரினோ ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த அனிற்றாவை லொறி ஒன்று அடித்தது. அன்று பின்னேரமே அவள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

அந்த இரண்டு பிராணிகளையும் அவள் வாங்கிவந்து இரண்டு வருஷம் இருக்கும். முதல்நாள் பார்த்தபோது குகனேஸ்வரி அணில் என்றுதான் நினைத்தாள். உடம்பு கையளவு, வால் அதைவிடக் கொஞ்சம் நீளம். சாம்பல் மயிர், மூக்கிலிருந்து முதுகின் கடைசிவரை ஒரு கறுப்புக் கோடு. முகத்துக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய கறுப்புக் கண்கள். காதுகள் வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய தோல். முன்கால் சின்ன விரலிலிருந்து பின்கால் வரை இரண்டு பக்கமும் தோல் மடிந்து, தைக்காத சட்டை ஓரம்போலத் தொங்கியது.

"அணில் இல்லை குகா. இவர்கள் கங்காருவின் சொந்தக்காரர்," என்று அனிற்றா சொன்னாள். "இவளுக்கு வயிற்றில் பை இருக்கிறது. குட்டி அதற்குள்தான் வளரும். இவன் ஆண், பார், உச்சியில் கொஞ்சம் வழுக்கை."

இனிப்பு என்றால் உயிரை விடும் பிராணி என்பதால், சீனிப் பெத்தவுரோ என்று அதன் முழுப் பெயரிலேயே சீனி இருந்தது. சீனிக்கு உங்கள் மொழியில் என்ன சொல் என்று அனிற்றா கேட்டாள். குகனேஸ்வரி சொன்னாள். மிளகுக்கு என்ன என்று கேட்டாள். அதையும் சொன்னாள். பெண்ணுக்குச் சீனி, ஆணுக்கு மிளகு என்று பெயர் நிலைத்தது அப்படித்தான்.

அனிற்றா உயிரியல் படித்தவள். வேலை செய்துகொண்டிருக்கும் குகனேஸ்வரிக்குப் பின்னாலேயே வந்து இவற்றைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒஸ்திரேலியாவில், நியூகினியில் உள்ள காடுகள்தான் இவற்றின் இடம். மரப்பொந்தில் இலையைப் பரப்பி ஏழெட்டாக ஒட்டிக்கொண்டு பகல் முழுக்க நித்திரை. பொழுதுபட்டால் வெளியே வந்து, நிலத்தில் கால் வைக்காமல் மரத்துக்கு மரம் பாயும். தோலை விரித்துக்கொண்டு ஐம்பது மீற்றர்வரை காற்றில் சறுக்கிப்போகும். வேலமரத்துப் பட்டையைக் கடித்து வடியும் பிசினை நக்கும். யூக்கலிப்டஸ் மரத்தின் இனிப்புச் சாறு, பூவிலே தேன், மகரந்தம், கோடை வந்தால் வண்டும் விட்டிலும். வீட்டில் வைத்திருப்பவர்கள் வெறும் பழத்தைக் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்தில்லாமல் பின்கால் இழுத்துக்கொண்டுவிடும் என்று அவள் பயந்தாள். அதற்காகக் குளிர்ப்பெட்டிக் கதவில் தன் கையால் எழுதி ஒட்டியிருந்தாள்: அவித்த முட்டை, தேன், கல்சியம் தூள், அப்பிள் இரண்டு துண்டு, பிசின் கரைத்த தண்ணீர், ஆளுக்கு ஐந்து புழு. அவள் போனபிறகு குகனேஸ்வரி அந்தக் கடதாசியில் உள்ளதிலிருந்து ஒரு நாளும் மாறவில்லை. புழுவைக் கையால் எடுக்க முதலில் அருவருத்தவள், பிறகு அதுவும் பழகிவிட்டாள்.

யூலை கடைசியில் வெக்கை தாங்க முடியாமல் போயிற்று. சிஞ்ஞோராவின் தமையன் வந்து, இந்தச் சூட்டில் இந்த வீட்டில் தனியாக இருக்கவேண்டாம் என்று அவரை மலைப்பக்கம் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு கிழமை. போகும்போது சிஞ்ஞோரா திறப்பைக் கொடுத்து, "அந்த அறையில் முப்பது டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று சொல்வாள். ஏசியை நிறுத்தாதே," என்றார். மகளின் பெயரைச் சொல்லவில்லை.

மறுநாள் நகரத்துக்குப் பின்னால் உள்ள மலைகளில் நெருப்புப் பிடித்தது. ஒரேத்தோவில் குகனேஸ்வரி குடியிருந்த வீட்டின் பல்கனியிலிருந்து பார்த்தால் மலையின் விளிம்பு சிவப்பாகத் தெரிந்தது. காயப்போட்ட உடுப்பில் சாம்பல் விழுந்தது. விமானநிலையத்தை மூடிவிட்டார்கள் என்று மகள் கேசிகா போனைப் பார்த்துச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் குகனேஸ்வரி கால்சாவுக்குப் போனபோது அந்தப் பகுதி முழுக்கக் கரண்ட் இல்லை. கடைக்காரர்கள் வாசலில் கதிரை போட்டு ஈரத்துணியைத் தலையில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான்கு மாடியும் ஏறி, கதவைத் திறந்து, நேரே அறைக்குப் போனாள்.

அறை போறணைபோல இருந்தது. சுவரில் இருந்த மானி முப்பத்தெட்டைக் காட்டியது. பகலில் துணிப்பைக்குள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு நித்திரை கொள்ளும் இரண்டும் கூட்டின் அடித்தட்டில் நான்கு காலையும் விரித்துத் தட்டையாகக் கிடந்தன. வாய் திறந்திருந்தது. மிளகு தன் முன்கைகளை நக்கி நக்கி ஈரமாக்கிக்கொண்டிருந்தான். சீனி அதைக்கூடச் செய்யவில்லை.

குகனேஸ்வரி குளிர்ப்பெட்டியில் பாதி உருகிக் கிடந்த ஐஸை எடுத்துத் துவாயில் சுற்றி வந்தாள். காற்று வரட்டும் என்று பல்கனிக் கதவைத் திறந்தாள். வந்தது ஷிரோக்கோ என்ற தெற்கத்தி அனல்காற்று, கொதிக்கும் பானையின் மூடியைத் திறந்ததுபோல முகத்தில் அடித்தது. கதவை மூடவேண்டும் என்று நினைத்தாள். அதற்குமுன் இவற்றை நனைத்துவிடுவோம் என்று கூட்டைத் திறந்தாள். அந்த வரிசையைத்தான் பிறகு ஆயிரந்தரம் மனத்துக்குள் மாற்றிப் பார்த்தாள்: முதலில் கதவு, பிறகு கூடு.

சீனி ஈரத்துணிக்குள் அசையாமல் கிடந்தாள். மிளகுக்குத் தண்ணீர் பட்டதும் உயிர் வந்துவிட்டது. அவளுடைய கையில் ஏறி, தோளுக்கு வந்து, அங்கிருந்து திரைச்சீலைக்குத் தாவி, பல்கனிக் கம்பியில் போய் நின்றான். வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று அனிற்றா சொல்லியிருந்தாள். குகனேஸ்வரி கையை மெல்ல நீட்டி, "மிளகு, வா ராசா, இஞ்சை வா," என்றாள். அவன் தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டி எதிரே பார்த்தான். பிறகு பாய்ந்தான்.

இரண்டு வருஷத்தில் அவன் அலுமாரி மேலிருந்து கட்டிலுக்குப் பாய்ந்ததை மட்டுமே அவள் பார்த்திருந்தாள். இப்போது நான்கு காலும் விரிந்து, தோல் இழுபட்டு, ஒரு சதுரக் கைலேஞ்சிபோல வீதிக்கு மேலால் போனான். சதுக்கத்துத் தோட்டத்தின் இரும்பு வேலியைக் கடந்து, அதன் மூலையில் நிற்கும் பெரிய மரத்தின் இலைக்குள் போய் மறைந்தான்.

அவள் சீனியைத் துணிப்பையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு கீழே ஓடினாள். அந்த மரத்தைப் பதினொரு வருஷமாகப் பார்க்கிறாள். கிளையிலிருந்து விழுதுகள் இறங்கித் தூண்தூணாக நிலத்தில் ஊன்றி, ஒரு மரமே ஒரு வீட்டளவு இடத்தைப் பிடித்து நிற்கும். அதற்குள் கையளவுப் பிராணியை எங்கே தேடுவது? சுற்றிச் சுற்றி நடந்தாள். கூப்பிட்டாள். உணவகத்துக் குப்பைத் தொட்டியடியில் நான்கு பூனைகள் நிழலில் படுத்திருந்தன.

நாலு மணிக்கு அவள் மேலே வந்தபோது போன் அடித்தது.

"நியூஸில் பார்த்தேன்," என்றார் சிஞ்ஞோரா. "கரண்ட் போய்விட்டதாமே. அவர்கள் எப்படி இருக்கிறார்கள்?"

"நன்றாக இருக்கிறார்கள், சிஞ்ஞோரா. ஐஸ் வைத்திருக்கிறேன்."

"இரண்டு பேரும்?"

"இரண்டு பேரும்."

சிஞ்ஞோரா மூச்சு விடுவது போனில் கேட்டது. "நீ இருப்பது நல்லது, குகா," என்றார்.

பின்னேரம் கரண்ட் வந்தது. அவள் ஏசியைப் போட்டு, சீனிக்குத் துளித்துளியாகத் தண்ணீர் பருக்கி, அவள் கண்ணைத் திறந்த பிறகு வீட்டுக்குப் போனாள். கணவர் செல்வராசாவுக்கு ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில்நிலையத்தடியில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை. அவர் வந்து குளித்துவிட்டு இருந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"உண்மையைச் சொல்லிப்போடும்," என்றார் அவர். "நீர் வேணுமெண்டே செய்தனீர்? மனிசி விளங்கிக்கொள்ளும்."

"இப்ப சொன்னா அந்த மனிசி நெருப்புக்குள்ளாலை கார் ஓடிக்கொண்டு வரும். பாதையெல்லாம் மறிச்சுக் கிடக்கு."

"அப்ப நாளைக்குச் சொல்லும்."

"நாளைக்குப் பிடிச்சிடுவன்."

செப்டெம்பரில் இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மெசோவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்குக் கொடுக்கவேண்டிய வேலை ஒப்பந்தமான கொன்ட்ராத்தோ இந்தச் சிஞ்ஞோரா எழுதிக் கொடுத்தது. அந்த நேரத்தில் அது தனக்கு நினைவுக்கு வரவே இல்லை என்று குகனேஸ்வரி சொன்னால் அது பொய். வந்தது. ஆனால் அது மட்டும் அல்ல.

கேசிகா போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தவள் எழும்பி வந்தாள். "அம்மா, குவார்தா, பாருங்கோ, இஞ்சை போட்டிருக்கு. அந்த மரமும் ஒஸ்திரேலியாதானாம். அங்கையிருந்து கொண்டந்து நட்டவையாம். பழம் இருக்கு, பூச்சி இருக்கு. மிளகின்ரை காட்டிலையும் இதே மரம் நிக்குதாம்."

குகனேஸ்வரி அந்தப் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். அவன் தெருவில் விடப்படவில்லை, தன் இடத்து மரம் ஒன்றில் போய் ஏறியிருக்கிறான். அப்படி நினைத்துக்கொண்ட பிறகு அடுத்த நாள் பொய் சொல்வது சுகமாக இருந்தது.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பொழுதுபடும் நேரத்தில் மூவரும் சதுக்கத்துக்குப் போனார்கள். தோட்டக் கதவு பூட்டியிருக்கும். கிளைகளும் விழுதுகளும் வேலிக்கு வெளியே நீண்டிருக்கும் மூலையில் நின்றார்கள். குகனேஸ்வரி ஒரு தட்டில் தேன் தடவிய முட்டையும் அப்பிளும் புழுவும் வைத்து வேலிக் கல்லின்மேல் வைப்பாள். கழுத்துப் பையில் சீனி இருப்பாள். இருட்ட ஆரம்பித்ததும் அவள் தலையை வெளியே நீட்டி, நாய்க்குட்டி குலைப்பதுபோலச் சின்னக் குரலில் விட்டுவிட்டுக் குலைப்பாள். புதன்கிழமை ஒன்றும் கேட்கவில்லை. வியாழக்கிழமை மரத்தின் உச்சியிலிருந்து அதே குரலில் பதில் வந்தது. கேசிகா தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். செல்வராசாகூடச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை அவன் வந்தான். விழுதொன்றில் தலைகீழாக இறங்கி, நின்று, இறங்கி, அவர்களுடைய தலைக்கு ஒரு முழம் மேலே வந்து நின்றான். மெலிந்திருந்தான். சீனி பையிலிருந்து பாதி வெளியே வந்து மூக்கை நீட்டினாள். குகனேஸ்வரி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். இன்னும் கொஞ்சம் இறங்கினால் தோளிலேயே ஏறிவிடுவான். அந்த நேரத்தில் செல்வராசா கையில் வைத்திருந்த துவாயை எறிந்தார். அது விழுதில் பட்டு விழுந்தது. மிளகு மேலே ஓடி மறைந்துவிட்டான்.

"கையெட்டிற தூரத்திலை நிண்டவன்," என்றார் செல்வராசா. பஸ்ஸில் வரும்போது அவர் மறுபடியும், "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்," என்றார். "ஓம்," என்றாள் அவள்.

அன்றும் சிஞ்ஞோரா போன் எடுத்தார். சாப்பிடுகிறார்களா என்று கேட்டார். வழக்கம்போலச் சாப்பிடுகிறார்கள் என்றாள்.

சனிக்கிழமை சீனி எவ்வளவு கூப்பிட்டும் மரத்திலிருந்து பதிலில்லை. கல்லின்மேல் வைத்த தட்டில் ஆட்கள் சிகரெட் சாம்பலைத் தட்டியிருந்தார்கள். மறுநாள் சிஞ்ஞோரா திரும்பி வருகிறார். பசியில் இறங்கினாலும் இறங்குவான் என்று குகனேஸ்வரி வேலிக்கம்பிக்குள்ளால் கையை விட்டு, புதிதாகச் சாப்பாடு வைத்த தட்டை உள்ளே மரத்தின் வேரடியில், நிலத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போனாள். தோட்டக்காரர் கதவைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தார். அவருடைய சவளில் சருகோடு ஏதோ கிடந்தது.

"பெரிய எலி," என்றார் அவர். "பூனைகள் பிடித்திருக்கின்றன."

"அது எலி இல்லை," என்றாள் குகனேஸ்வரி.

வாலும் பின்கால்களும் ஒரு பக்கத்துத் தோலும்தான் இருந்தன. தலை இல்லை. அவள் தன் கைலேஞ்சியை விரித்து வாங்கினாள். தட்டு வேரடியில் நக்கித் துடைத்ததுபோல இருந்தது. தோட்டக்காரர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். அவர் ஏதாவது கேட்பதற்குமுன் அவள் வீதியைக் கடந்துவிட்டாள்.

மேலே வந்து குழாயடியில் அதைக் கழுவினாள். மயிர் காயும்வரை துவாயில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். அனிற்றா தைத்த பைகளில் ஒன்றில் போட்டு, குசினி மேசையில் வைத்துவிட்டு, கதிரையில் இருந்தாள். எத்தனை மணி நேரம் இருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. அன்று சமைக்கவில்லை.

மத்தியானம் சிஞ்ஞோரா வந்தார். முகத்தில் கொஞ்சம் வெயில் பிடித்திருந்தது. பயணப்பையைக் கூடத்தில் வைத்துவிட்டு ஒரு போத்தலை வெளியே எடுத்தார்.

"மலைத்தேன்," என்றார். "அங்கே ஒரு கிழவன் தன் கையால் எடுக்கிறான். அவர்களுக்காக வாங்கினேன்." கொஞ்சம் நின்று, "குகா, நான் இன்றைக்கு உள்ளே போகப்போகிறேன். அங்கே இருந்து யோசித்தேன். என் கையால் ஒருதரம் கொடுத்துப் பார்க்கிறேன். நீ பக்கத்தில் நில்," என்றார்.

அவர் நடைவழியில் பாதிதூரம் போய்விட்டார். குகனேஸ்வரி முன்னால் போய் நின்றாள்.

"சிஞ்ஞோரா, மிளகு இல்லை. செத்துவிட்டது."

"எப்போது?"

"நேற்று இரவு. ஆனால் செவ்வாய்க்கிழமையே வெளியே போய்விட்டது. கரண்ட் போன நேரம் நான் கதவைத் திறந்தேன். என் பிழை. பிடிக்கலாம் என்று நினைத்தேன்."

சிஞ்ஞோரா தேன்போத்தலைப் பார்த்தார். "செவ்வாய் நான் கூப்பிட்டேன்," என்றார். "புதனும் கூப்பிட்டேன். எல்லா நாளும் கூப்பிட்டேன்."

"உங்களைத் துன்பப்படுத்தக் கூடாது என்று நினைத்தேன்."

சிஞ்ஞோரா சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் பேச ஆரம்பித்தபோது குரல் உயரவில்லை.

"அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்னை ஒரு கதிரையில் இருத்தினார்கள். அரை மணிக்கு ஒருதரம் ஒரு பெண் வந்து, நிலைமை சீராக இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். நாலு மணி நேரம். என் பிள்ளை முதல் அரை மணியிலேயே போய்விட்டிருந்தாள், குகா. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பொய் சொன்னார்களாம். எனக்குத் துன்பம் தரக் கூடாதாம். அந்த நாலு மணி நேரமும் அவள் எழும்பியதும் என்ன சமைத்துக் கொடுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்."

இதைக் குகனேஸ்வரி இதுவரை கேட்டதில்லை. யாருக்கும் அவர் சொன்னதில்லைப்போல. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். சிஞ்ஞோரா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பிராணி போனதற்காக இல்லை. அது அவள் இருந்திருந்தாலும் போயிருக்கலாம். நீ சொல்லும் எதையும் இனி நான் நம்பிக்கொண்டு இந்த வீட்டில் இருக்க முடியாது. திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போ."

"சீனி?"

"கொண்டு போ. இரவில் அது கூப்பிடுவதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது."

தேன்போத்தலை அவர் கையோடு கொண்டுபோனார். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

செல்வராசா வந்து கூட்டைக் கழற்றி, இரண்டு முறையாக பஸ்ஸில் ஒரேத்தோவுக்குக் கொண்டுபோனார். மிளகை அன்று பின்னேரம் ஆற்றங்கரையில் நாணல் மறைவில் புதைத்தார்கள். சீனியின் கூட்டை மகளின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். குளிர்ப்பெட்டிக் கதவில் இருந்த கடதாசியைக் குகனேஸ்வரி கொண்டுவரவில்லை. அது மனப்பாடம்.

சீனி சாப்பிடவில்லை. முதல் இரண்டு நாள் பொழுதுபட்டதிலிருந்து குலைத்தாள், நிறுத்தி, காதைத் திருப்பிக் கேட்டாள், மறுபடி குலைத்தாள். மூன்றாம் நாள் குலைப்பது நின்றது. வால் மயிரைப் பிடுங்க ஆரம்பித்தாள். பிறகு தோலைக் கடித்தாள். துணிப்பையில் இரத்தம் பட்டிருந்தது. கேசிகா அழுதுகொண்டே மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனாள்; குகனேஸ்வரியும் போனாள். வைத்தியர் காயத்துக்கு மருந்து கட்டி, கழுத்தைச் சுற்றி ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம் மாட்டினார்.

"கூட்டமாக வாழும் பிராணி," என்றார். "சோடி போனால் சில இப்படித்தான். இன்னொன்றை வாங்கிச் சேர்த்தால் சிலநேரம் தப்பும். சிலநேரம் சண்டை பிடிக்கும். உறுதி சொல்லமாட்டேன்."

"வேற ஒண்டு வாங்குவம் அம்மா," என்றாள் கேசிகா, வெளியே வந்ததும்.

"முதல்லை எனக்கு ஒரு வேலை வரட்டும் பிள்ளை."

ஓகஸ்ட் பத்தாம் திகதி வேலை ஒன்று இருப்பதாகத் தெரிந்த பெண் ஒருத்தி சேதி கொண்டுவந்தாள். ஸ்தாசியோனேக்குக் கிட்ட, வயதுபோன ஒரு தம்பதி. பின்னேரம் மூன்று மணிக்கு வரச்சொன்னார்கள். வீட்டில் சீனியை விட்டுப்போக அவளுக்கு மனம் வரவில்லை; கேசிகாவும் இல்லை. பையைக் கழுத்தில் மாட்டி, மேலே மெல்லிய சால்வையைப் போட்டுக்கொண்டு போனாள்.

அந்த வீட்டுச் சிஞ்ஞோரா கெட்டிக்காரி. கொன்ட்ராத்தோவைப் பார்த்தார், பெர்மெசோத் திகதியைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினொரு வருஷம் ஒரே வீடு. ஏன் விட்டாய்?"

அவர்கள் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள் என்று சொல்லும்படி சேதி கொண்டுவந்த பெண் சொல்லிக் கொடுத்திருந்தாள். நெஞ்சில் சீனியின் மூச்சு விட்டுவிட்டு வருவது குகனேஸ்வரிக்குத் தெரிந்தது.

"நான் பொய் சொன்னேன். அவர் அனுப்பிவிட்டார்," என்றாள்.

"என்ன பொய்?"

"என்னிடம் விட்டுப்போன ஒரு பிராணி தப்பிவிட்டது. இருக்கிறது என்று சொன்னேன். ஐந்து நாள்."

கட்டிலில் இருந்த அவருடைய கணவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. கொன்ட்ராத்தோவில் இருந்த இலக்கத்துக்கு அங்கேயே போன் எடுத்தார். குகனேஸ்வரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கத்துக் குரல் கேட்கவில்லை. இவர், "ஆம்... புரிகிறது... இல்லை, அவளே சொன்னாள்," என்றார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்தபோது அவருடைய முகம் மாறியிருந்தது.

"உன்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்," என்றார். "தன் மகளை வளர்த்தவள் நீ என்று சொன்னார். அதற்குமேல் கதைக்க அவரால் முடியவில்லை. முதலாம் திகதி வா."

பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு தரிப்பிடம் தாண்டியபோது நெஞ்சில் இருந்த சின்னச் சூடு அசையாமல் கிடப்பதைக் கவனித்தாள். பையைத் திறந்தாள். சீனி சுருண்டு, அந்தப் பிளாஸ்டிக் வளையத்தின்மேல் தாடையை வைத்துக் கிடந்தாள். பெரிய கண்கள் பாதி மூடியிருந்தன. விரலால் மூக்கைத் தொட்டாள். ஈரமில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்: நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி, கால்சாவை நோக்கி நடந்தாள்.

மாளிகை வாசலில் நின்று நான்காம் மாடிப் பொத்தானை அழுத்தினாள். நெடுநேரம் கழித்துத்தான் குரல் வந்தது.

"யார்?"

"குகா, சிஞ்ஞோரா."

ஒலிபெருக்கியில் இரைச்சல் மட்டும் கேட்டது. துண்டிக்கப்படவில்லை.

"சீனி செத்துவிட்டது," என்றாள் குகனேஸ்வரி. "இப்போதுதான். பஸ்ஸில். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பார்த்தேன், அதற்குக் கொஞ்சம் முன்னால் போயிருக்கும். பத்து நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. வாலைக் கடித்துவிட்டது. வலித்திருக்கும். கடைசியில் சத்தம் போடவில்லை. என்னோடுதான் இருந்தது."

வீதியில் ஒரு குப்பை வண்டி போனது. அது போய் முடியும்வரை அவள் பொத்தானுக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சொன்னதற்கு நன்றி, குகா," என்றார் சிஞ்ஞோரா.

இரைச்சல் நின்றது. கதவு திறக்கவில்லை. கொஞ்சநேரத்தில் கீழ்மாடிக்காரர் நாயோடு வெளியே வந்து, அவளை அடையாளம் கண்டு, உள்ளே போவதற்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

கேசிகாவுக்கு இன்னும் சொல்லவில்லை என்பது பஸ் தரிப்பிடத்துக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. போனை எடுத்தாள். பிறகு இது நேரில் சொல்லவேண்டியது என்று உள்ளே வைத்தாள். ஒரேத்தோ பஸ் வர இருபது நிமிடம் ஆனது. இருக்கையில் இருந்ததும் பையை மடியில் எடுத்து வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பாரமே இல்லை.